விளிம்பு தாண்டிய ஆர்க்கிட்: முதல்முறை பிரித்துத் தொட்டி மாற்றுவது

ஆர்க்கிட் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளர்ந்ததும் பலருக்குக் கை கத்தியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். தொட்டி மாற்றுவது ஒரு வேலை, பிரிப்பது வேறு வேலை. முதலாவதை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும். மரப்பட்டைக் கலவை அதற்குள் மக்கித் தூளாகிவிடும். தூள் நீரைப் பிடித்துக்கொள்ளும், காற்றை விடாது, வேர் மூச்சுமுட்டி அழுகும். இரண்டாவது வேலை கட்டாயமில்லை. நன்றாக வளர்ந்த பெரிய செடி ஒரே பருவத்தில் பல பூங்கொத்து தரும். அதையே நான்கு துண்டாக்கினால் அந்த ஆண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

நடுப்பகுதி இலையுதிர்ந்து வெறுமையாகி விளிம்பில் மட்டும் வளர்ச்சி இருந்தால் பிரிக்கலாம். செடியைத் தூக்கக்கூட முடியாத கனம் வந்துவிட்டாலோ, வளரும் முனைகள் இரண்டு மூன்று வெவ்வேறு திசையில் ஓடினாலோ பிரிக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் ஒரு சுற்றுப் பெரிய தொட்டியே போதும்.

உங்கள் செடி பிரிக்கக்கூடிய வகையா என்பதை முதலில் பாருங்கள். கேட்லியா, டென்ட்ரோபியம், ஆன்சிடியம், சிம்பிடியம் போன்றவை பக்கவாட்டில் படர்பவை. ரைசோம் எனப்படும் படுக்கைத் தண்டு கலவையின் மேல் ஊர்ந்து போகும். அதிலிருந்து தடித்த சூடோபல்புகள் வரிசையாக எழும். வளர்ப்பவர்கள் சுருக்கமாகப் பல்ப் என்பார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். பேஃபியோபெடிலத்துக்குப் பல்ப் கிடையாது, ஆனால் அதுவும் பக்கக் கன்று விட்டுக் கூட்டமாக வளர்வதால் பிரிக்கலாம். ஃபலனாப்சிஸும் வாண்டாவும் ஒற்றைத் தண்டாக மேல்நோக்கி வளர்பவை. இவற்றை நடுவில் பிளந்தால் செடி செத்துப்போகும். கடையில் வாங்கிய ஃபலனாப்சிஸ் தொட்டியில் இரண்டு செடி தெரிந்தால், நட்டவர்களே இரண்டை ஒன்றாக வைத்திருக்கலாம், அல்லது அடியில் கன்று வந்திருக்கலாம். கன்றுக்குச் சொந்த வேர் குறைந்தது மூன்று இருந்தால் பிரிக்கலாம். நெடுநெடுவென்று வளர்ந்த வாண்டாவில், தண்டில் உயிருள்ள காற்று வேர் மூன்று நான்கு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி மேல்பகுதியைத் தனியாக வளர்க்கலாம். இனி சொல்வதெல்லாம் பக்கவாட்டில் படரும் வகைகளுக்கு.

நாளைச் செடிதான் குறிக்கும்

இந்த வேலையில் கத்தியைவிட முக்கியம் நேரம். பழைய வேர்கள் பழைய கலவையின் ஈரத்துக்குப் பழகியவை. எவ்வளவு பதமாக எடுத்தாலும் பாதி ஒடியும், மீதியிலும் ஒரு பகுதி புது இடத்தில் அழுகும். பிரித்த செடியைக் காப்பாற்றுவது அடுத்து வரப்போகும் புது வேர்தான். அதனால் புது வேர் வரப்போகும் தருணத்தில் மாற்ற வேண்டும்.

பூ உதிர்ந்த பிறகு, செடியின் முன்பக்கப் பல்பின் அடியில் புது முளை எழும். சில நாளோ சில வாரமோ கழித்து அதன் அடியில் பச்சையாகவோ சற்றுச் சிவப்பாகவோ சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அவைதான் வேர் நுனிகள். அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும்போது மாற்றுவது மிகச் சரியான நேரம். அந்த வேர்கள் நேராகப் புதுக் கலவைக்குள் இறங்கும். டென்ட்ரோபியத்திலும் ஆன்சிடியத்திலும் முளை சில சென்டிமீட்டர் உயர்ந்த பிறகுதான் வேர் எட்டிப்பார்க்கும். முளையைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம். சில கேட்லியாக்கள் பூத்து முடித்த பிறகே வேர்விடும். அவற்றில் புது முளைக்குக் காத்திருப்பதில் பொருளில்லை, பூத்த பல்பின் அடியைப் பாருங்கள்.

நாள் தவறிவிட்டதா? மூன்று நான்கு சென்டிமீட்டர் நீண்ட வேரின் நுனி ஒடிந்தால் அந்த வேர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பதினைந்து சென்டிமீட்டர் போல நீண்டபின் ஒடிந்தால் பக்கக் கிளைகள் விடும். அதனால் நடுநிலையில் இருக்கும்போது தொடாமல் விடுங்கள். மொட்டோடு இருக்கும் செடியையும் தொடாதீர்கள், மொட்டு மஞ்சளாகி உதிரும். ஒரே விதிவிலக்கு: கலவை சேறாகி நாற்றமடித்தால், பல்ப் அடியில் கருத்தால், பருவம் பார்க்காமல் அன்றே வெளியே எடுங்கள்.

முன்கூட்டியே ஒரு வெட்டு

முதல்முறை செய்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். ரைசோமின் ஒரு முனையில் புதுப் பல்ப், மறுமுனையில் பழசு. வளர்ச்சி எல்லாம் முன் முனையில்தான். பின் பாதியிலுள்ள பல்புகளின் அடியிலும் மொட்டுக்கண்கள் உண்டு, ஆனால் முன் முனை வளரும்வரை அவை உறங்கும். அன்றைக்கே வெட்டி அன்றைக்கே நட்டால் முன் பாதி பிழைத்துக்கொள்ளும். பின் பாதி முளையும் இல்லாமல் நல்ல வேரும் இல்லாமல் மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதனால் தொட்டி மாற்றுவதற்கு நான்கைந்து மாதம் முன்பே, செடியை அசைக்காமல், பிரிக்க நினைக்கும் இடத்தில் ரைசோமை மட்டும் வெட்டிவிடுங்கள். முழுவதுமாக வெட்டலாம், பயமாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போதும். வேர்கள் அதே கலவையில் இருப்பதால் பின் பாதி பட்டினி கிடக்காது. முன் முனையின் தடை நீங்கியதும் உறங்கிய கண் ஒன்று விழித்து முளைக்கும். அதன்பின் வேர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் தொட்டி மாற்றினால், ஆளுக்கொரு வளரும் முனையோடு இரண்டு முழுச் செடி கையில் இருக்கும்.

முந்தின நாள்

உலர்ந்த மரப்பட்டை முதலில் தண்ணீரை ஒட்டவே விடாது. ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் தங்கும் தூளைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். தேங்காய் மட்டைத் துண்டு என்றால் அதில் உப்பு இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிய வேண்டும். இதைச் செய்யாமல் நட்டுவிட்டு, வேர் நுனி கருகுகிறதே என்று உரத்தைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு.

கலவையின் அளவை வேரின் பருமன் தீர்மானிக்கட்டும். கேட்லியாவின் தடித்த வேருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள். ஆன்சிடியத்தின் நூல் வேருக்கு அரை சென்டிமீட்டர் போலச் சன்னமானது. பேஃபியோபெடிலத்துக்கு அதைவிடச் சற்றே பெரிது, கூடவே ஒரு கைப்பிடி நறுக்கிய ஸ்பேக்னம் பாசி. மரப்பட்டை ஆறு பங்கு, மரக்கரி இரண்டு, பெர்லைட் எனப்படும் எடை குறைந்த வெள்ளைக் கல் துணுக்கு இரண்டு என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. செடி அடிக்கடி மழையில் நனையும் இடத்தில் இருந்தால் பட்டையைக் குறைத்துக் கரியும் செங்கல் துண்டும் கூட்டுங்கள். காற்று வறண்ட அறைக்குள் இருந்தால் கொஞ்சம் பாசி சேர்க்கலாம். தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம். சிம்பிடியத்தின் வேர் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் மண் வேண்டாம்.

வெட்டும் கருவியில் அலட்சியம் கூடாது. சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஆடன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸும் வெட்டிய கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியே அடுத்த செடிக்குப் போகும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. ஸ்பிரிட்டில் துடைப்பது வைரஸுக்குப் போதாது. கத்தியை நெருப்பில் நன்றாகச் சூடேற்றி ஆறவிடுங்கள், அல்லது செடிக்கொரு புது பிளேடு எடுங்கள். வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுவதும் சரியே. அந்தக் கரைசல் அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்க வேண்டும். பழைய மண்தொட்டியை மறுபடி பயன்படுத்தினால் அதையும் இதே கரைசலில் அரைமணி நேரம் வைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள். மேசையில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு செடி முடிந்ததும் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டால் இன்னும் நல்லது.

வெளியே எடுப்பது

தொட்டியைத் தண்ணீரில் அரைமணி நேரம் வையுங்கள். காய்ந்த வேர் படக்கென்று ஒடியும். நனைந்த வேர் வளையும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் சுற்றிலும் பிசைந்துவிட்டுக் கவிழ்த்தால் வந்துவிடும். மண்தொட்டியில் வேர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய கத்தியை உள்விளிம்பில் விட்டுச் சுற்றி வாருங்கள். அப்படியும் அசையவில்லையா, தொட்டியை உடைத்துவிடுங்கள். வேரோடு ஒட்டிய ஓட்டுச் சில்லைப் பிய்க்க வேண்டாம், அதோடு சேர்த்தே நட்டுவிடலாம். இலையையோ புது முளையையோ பிடித்து இழுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய விபத்து. முளை கையோடு வந்துவிடும். எப்போதும் பழைய பல்பின் அடியைப் பிடியுங்கள்.

பழைய கலவையை விரலால் உதிர்த்துவிட்டு, ஓடும் நீரில் கழுவிப் பாருங்கள். வேரை நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கலவைக்குள் இருந்த நல்ல வேரும் பழுப்பேறித்தான் இருக்கும். பேஃபியோபெடிலத்தின் வேர் பிறவியிலேயே பழுப்பாக, ரோமத்தோடு இருக்கும். அதைச் செத்த வேர் என்று மொத்தமாக வெட்டி எறிந்தவர்கள் நிறையப் பேர். அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் உயிருள்ளது; நசுங்கி நீர் கசிந்தாலோ, மேலுறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினாலோ அது முடிந்தது. செத்ததை வெட்டுங்கள். ஆனால் நல்ல வேர் குறைவாக இருந்தால், அழுகாமல் காய்ந்து மட்டும் போன வேர்களில் சிலவற்றை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டுவையுங்கள். புது வேர் பிடிக்கும்வரை செடியை ஆடாமல் நிறுத்த அவை நங்கூரம்.

பல்பைச் சுற்றியுள்ள காய்ந்த உறைகளை மெதுவாக உரித்துவிடுங்கள். செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் அதற்குள்தான் குடியிருக்கும். உரிக்கும்போது பல்பின் அடியில் கூம்பாகத் தெரியும் கண்களில் நகம் படக்கூடாது.

எங்கே வெட்டுவது

முன்பே வெட்டி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், செடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து ரைசோம் ஓடும் பாதையைக் கண்டுபிடியுங்கள். பல்புகளை எண்ணுங்கள். துண்டு ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு பல்பும் ஒரு முளையோ விழிக்கத் தயாரான கண்ணோ இருக்க வேண்டும். பேஃபியோபெடிலம் என்றால் மூன்று கன்று. பழைய பல்ப் என்பது சேமிப்புப் பை. இலை இல்லாவிட்டாலும் அதிலிருக்கும் நீரும் மாவும்தான் புது முளையை வளர்க்கும். ஒற்றைப் பல்பாக வெட்டினால் அடுத்த பல்ப் அதைவிடச் சிறியதாக வரும், மறுபடி பூக்கும் அளவை எட்ட இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

எட்டு பல்ப் இருந்தால் நான்கு நான்காக இரண்டு. மூன்று, மூன்று, இரண்டு என்று மூன்றாக்கும் ஆசை வரும். அந்த இரண்டு பல்ப் துண்டுதான் பின்னால் வருத்தம் தரும். ரைசோம் கவட்டைபோலக் கிளைத்து இரண்டு முனை ஓடினால் கவட்டைக்கு அருகில் வெட்டி ஒவ்வொரு முனைக்கும் மூன்று நான்கு பல்ப் கிடைக்கும்படி பாருங்கள். கிளையில் இரண்டே பல்ப் இருந்தால் இந்த முறை வெட்டாமல் விட்டுவிடுவதே மேல். நோபிலி வகை டென்ட்ரோபியத்தில் இலையுதிர்ந்த பழைய தண்டுகளிலும் பூ வரும். பருத்து இருக்கும்வரை அவற்றை வெட்டக்கூடாது.

வெட்டை ஒரே அழுத்தத்தில், ரைசோமுக்குக் குறுக்காகப் போடுங்கள். ரம்பம்போல் இழுத்தால் திசு நசுங்கும், நசுங்கிய இடம் அழுகும். சிம்பிடியத்தில் பல்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் முதலில் கையால் இருபுறமும் மெல்ல நெம்பி, இடைவெளி தெரிந்த இடத்தில் வெட்ட வேண்டும். வேர்கள் பின்னிக்கொண்டிருந்தால் வெட்டாமல் தண்ணீரில் ஆட்டி ஆட்டிப் பிரியுங்கள். இந்த இடத்தில் அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை.

வெட்டிய முகத்தைப் பாருங்கள். வெண்மையாகவோ வெளிர்ப்பச்சையாகவோ இருந்தால் நல்லது. கேட்லியா ரைசோமின் ஓரத்தில் ஊதா நிற வளையம் தெரிந்தால் அது ஃபியுசேரியம் பூஞ்சை. ஒரு பல்ப் தள்ளி மறுபடி வெட்டுங்கள், வளையம் மறையும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி நெருப்பில் காட்டுங்கள். ஊதா இருந்த துண்டைத் தயங்காமல் எறியுங்கள்.

வெட்டுவாயில் கந்தகத் தூளோ இலவங்கப்பட்டைத் தூளோ தடவலாம். சமையலறைப் பட்டைத்தூளே போதும், ஆனால் வெட்டுவாயில் மட்டும். அது ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும். வேரில் பட்டால் வேரையும் காயவைக்கும். பிறகு துண்டுகளை நிழலில் சில மணி நேரம், வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க, காற்றாட வையுங்கள். பேஃபியோபெடிலத்தை மட்டும் அப்படி விடாதீர்கள். அதற்குச் சேமிப்புப் பை இல்லை, உடனே நட வேண்டும்.

நடுவது

தொட்டி எவ்வளவு பெரிது? கடைசி இரண்டு பல்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மூன்று சென்டிமீட்டர் என்றால் ஆறு. வளரும் முனைக்கு முன்னால் அவ்வளவு இடம் இருந்தால் இரண்டு ஆண்டு வளர்ச்சிக்குப் போதும். இதற்குமேல் பெரிய தொட்டி வைத்தால் வேர் எட்டாத கலவை காயாமல் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது. டென்ட்ரோபியத்துக்கு இன்னும் இறுக்கமாக, வேர் நுழையும் அளவு இருந்தாலே போதும்.

பழைய முனையைத் தொட்டியின் சுவரோடு ஒட்டி வையுங்கள், வளரும் முனை நடுவை நோக்கட்டும். செடியைத் தொட்டிக்கு நட்டநடுவில் வைத்தால் பாதித் தொட்டி வீணாகும், அடுத்த ஆண்டே முளை விளிம்பு தாண்டும். அடியில் கொஞ்சம் கலவை போட்டு வேரைக் குடைபோல விரித்து, கலவையைப் பக்கங்களில் இட்டு, தொட்டியைத் தட்டித் தட்டி இறக்குங்கள். குச்சியால் மெதுவாகக் குத்தி இடைவெளிகளை நிரப்பலாம். ரைசோம் கலவையின் மேலேயே படுத்திருக்க வேண்டும், அடிப்பகுதி மட்டும் தொட்டால் போதும். புதைத்தால் கண்கள் அழுகும். பேஃபியோபெடிலம் இதற்கு நேர்மாறு. இலைக்கொத்தின் அடி ஒரு சென்டிமீட்டர் போலக் கலவைக்குள் இருந்தால்தான் புது வேர் இறங்கும்.

நட்ட பிறகு ஒரு சோதனை. பல்பைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். தொட்டியும் சேர்ந்து எழ வேண்டும். ஆடினால் குச்சி நட்டுக் கட்டுங்கள், அல்லது தொட்டி விளிம்பில் மாட்டும் ரைசோம் கிளிப்பைப் போடுங்கள். ஆடும் செடியில் வேர் நுனி பட்டையில் உரசி உரசி மழுங்கிவிடும். முதல்முறை செய்பவர்களின் செடி வேர்பிடிக்காமல் நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், மருந்தும் உரமும் அல்ல. பெயரையும் தேதியையும் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை வெயிலில் ஆறு மாதம் தாங்காது.

பிறகு ஆறு வாரம்

பல்ப் உள்ள வகைகளுக்கு ஐந்து முதல் ஏழு நாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒடிந்த வேர்களின் வாய் ஆறட்டும். காலையில் இலைமேல் லேசாக நீர் தெளியுங்கள், மாலைக்குள் உலர்ந்துவிட வேண்டும். பேஃபியோபெடிலத்துக்கு ஓரிரண்டு நாளிலேயே தண்ணீர் வேண்டும். வழக்கமான வெளிச்சத்தில் பாதி, காற்றோட்டம், நேர்வெயில் இல்லாத இடம். புது வேர் நான்கைந்து சென்டிமீட்டர் ஆகும்வரை உரம் கிடையாது. அதன்பின் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

பல்ப் கொஞ்சம் சுருங்கும், பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகும். அது இயல்புதான். சுருக்கத்தைக் கண்டு தினம் தண்ணீர் ஊற்றினால் குடிக்க வேர் இல்லாத செடி அழுகத்தான் செய்யும். தெளிப்பதைக் கூட்டுங்கள், ஊற்றுவதை அல்ல. ஆன்சிடியத்தின் புது இலை விசிறிபோல மடிப்பு மடிப்பாக வந்தால், முளை வளர்ந்த நேரத்தில் நீர் போதவில்லை என்று பொருள். அந்த மடிப்பு நிமிராது, அடுத்த இலை சரியாக வரும். முளை திடீரென்று கருத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது கருப்பழுகல். நல்ல திசு தெரியும்வரை அன்றே வெட்டுங்கள், ஒரு பல்பைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தாலும் சரி. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி, உலர்வாக வையுங்கள்.

இலையில்லாத பழைய பல்ப் தனியாக மிஞ்சினால், கெட்டியாக இருக்கும்வரை எறிய வேண்டாம். பிழிந்த ஸ்பேக்னம் பாசியின் மேல் வைத்து, ஒளி ஊடுருவும் பையில் போட்டு, வாய் தளர்வாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். சிம்பிடியம் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். கேட்லியா சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். முளை எழுந்து அதன் வேர் மூன்று சென்டிமீட்டர் ஆனதும் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். பூவை மட்டும் இரண்டு மூன்று ஆண்டுக்கு எதிர்பார்க்காதீர்கள்.